பிரெஞ்சு மொழியில் நாளாந்தப் பேச்சு: தமிழறிந்தார் கற்கும் வழி

தோற்றுவாய்

ஒரு மொழியின் இலக்கியத்தைக் கற்றல் அம்மொழியாளரின் மாளிகையைச் சுற்றிப் பார்ப்பது போன்றது. அம்மொழியின் நாளாந்தப் பேச்சைக் கற்றலோ அவர்தம் வீட்டு வாயிலில் நின்று முறையறிந்து அழைப்பது போன்றது. வாயிலைக் கடவாதார்க்கு மாளிகையின் அழகு புலப்படுவதில்லை. ஆதலின் பிறமொழி கற்கப் புகுவோர், வணக்கம் கூறல், நலம் வினாதல், நன்றி பகர்தல், வழி கேட்டல், விலை கேட்டல், நோயுற்றவிடத்து உதவி வேண்டல் ஆகிய சிறு தொடர்களையே முதற்கண் பயிலுதல் வேண்டும். இவை சிறியவையேயாயினும் ஒருவனைப் பண்புடையவன் என்றோ பண்பற்றவன் என்றோ பிறர் தீர்மானிப்பதற்கு இவையே அளவுகோலாகின்றன.

1983 ஆம் ஆண்டின் பின்னர் நம் நாட்டினின்றும் புலம்பெயர்ந்தோருட் பலர் பிரான்ஸ் நாட்டிற் குடியேறினர். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலரும் அவருள் அடங்குவர். பாரிஸ் மாநகரின் வடபாற் புகைவண்டி நிலையத்தை அடுத்த லாச்சப்பல் பகுதியில், தமிழ்ப் பெயர்ப் பலகைகளைக் கண்டு, தமிழிற் பேசி, தமிழர் கடையிற் பொருள் வாங்கித் திரும்பலாம் என்பது உண்மையே. எனினும் பிள்ளையின் பாடசாலையிலும், வைத்தியசாலையிலும், அரசாங்க அலுவலகத்திலும், வேலைத்தலத்திலும் அந்தத் தமிழ் துணைவராது. 2024 சனவரியில் அந்நாடு இயற்றிய சட்டமொன்று, 2026 சனவரி முதலாந் திகதி தொடக்கம், வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் வேண்டிய மொழித் தேர்ச்சியை உயர்த்தியுள்ளது. குடியுரிமை கோருவோர் முன்னர் பீ 1 என்னும் நிலையை எய்தினாற் போதும். இப்பொழுது பீ 2 என்னும் மேல்நிலை வேண்டப்படுகிறது. செல்ல எண்ணும் இளைஞர்க்கும், மக்களைக் காணச் செல்லும் முதியோர்க்கும் இக்கட்டுரை ஒரு சிறு கைவிளக்காகப் பயன்படுமென நம்புகிறோம்.

தமிழாசிரியர் பிரெஞ்சு மொழியைப் பற்றி எழுதுவதேன் என வினவுவாரும் உளர். தமிழிலக்கணம் நன்கு கற்றார்க்குப் பிரெஞ்சு மொழியின் சில நுட்பங்கள், ஆங்கிலத்தின் வழியாகச் செல்வார்க்கு விளங்குவதிலும் எளிதாக விளங்கும். அவ்வெளிமையை எடுத்துக் காட்டலே நம் நோக்கமாகும்.

1. ஒலியும் எழுத்தும்

முதலில் ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையிற் பிரெஞ்சுத் தொடர்கள் யாவும் தமிழெழுத்திலேயே தரப்பட்டுள்ளன. அவை வழிகாட்டும் கைகாட்டி மரங்களேயன்றி ஊர் அல்ல. செவியாற் கேட்டு நாவாற் பழகியே ஒலிகளைத் தெளிதல் வேண்டும். இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

'புவாஸோன்' என்னும் சொல்லில் வரும் ஸகரத்தைப் பாம்பு சீறுமாப்போல் வன்மையாக ஒலித்தால் அது மீன் எனப் பொருள்படும். அதனையே வண்டு முரலுமாப்போல் மென்மையாக ஒலித்தால் நஞ்சு எனப் பொருள்படும். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றேபோல் தோன்றுகின்றன. உணவுச்சாலையில் மீன் கேட்கச் சென்றவன் நஞ்சு கேட்டுவிடலாகாது அன்றோ? அவ்வாறே 'காத்தோ' என்பது இனிப்பு அப்பம். 'காதோ' என்பது அன்பளிப்பு. முன்னையதிற் ககரம் 'கங்கை' என்பதிற்போல மென்மையாகவும், பின்னையதிற் ககரம் 'கல்' என்பதிற்போல வன்மையாகவும் ஒலிக்கும். தமிழில் வல்லெழுத்தின் வன்மையும் மென்மையும் சொல்லில் அது நிற்கும் இடத்தால் அமைவன. பிரெஞ்சிலோ அவை பொருளையே மாற்றுவன.

அச்சப்படுவதற்கு இவையுண்டெனில் ஆறுதல் பெறுவதற்கும் சில உண்டு. பிரெஞ்சுத் தகரம் நம் தமிழ்த் தகரம் போலப் பல்லை ஒட்டிப் பிறப்பது. ஆங்கிலேயரின் டகரச் சாயல் அதற்கில்லை. ககர தகர பகரங்களை ஆங்கிலேயர் மூச்சைச் சேர்த்து ஒலிப்பர். பிரெஞ்சுக்காரர் நம்மைப் போலவே மூச்சுச் சேராது ஒலிப்பர். ஆதலின் இவ்விடத்து ஆங்கில உச்சரிப்பை மறந்து தமிழ் நாவைக் கொண்டு செல்வதே நலம்.

புதியனவாகப் பயிலவேண்டிய ஒலிகள் மூன்று. ஒன்று, இதழைக் குவித்து உகரம் சொல்ல ஆயத்தமாகி, அந்நிலையில் நாவினால் இகரத்தைச் சொல்லும்போது பிறக்கும் உயிரொலி. 'நீ' எனப் பொருள்படும் 'து' என்னும் சொல்லில் வருவது இவ்வொலியே. இதனை வெறும் ஊகாரமாக ஒலித்தால் 'தூ' என்றாகி, 'எல்லாம்' எனப் பொருள் மாறும். இரண்டாவது, நாநுனியிற் பிறவாது தொண்டையை அடுத்துப் பிறக்கும் ரகரம். மூன்றாவது, மூக்கொலி உயிர்கள். 'போன்ஜூர்' என நாம் எழுதினும் அதிலுள்ள னகரத்தை நாவை மேலே ஒற்றி ஒலித்தலாகாது. ஓகாரத்தைச் சொல்லும்போதே மூச்சின் ஒரு பகுதியை மூக்கின் வழியே விடல் வேண்டும். தமிழ்நாட்டார் பேச்சில் 'மரம்', 'பணம்' என்னுஞ் சொற்களின் ஈற்று மகரம் இதழ் பொருந்தாமல் மூக்கொலியாய்த் தேய்வதைக் கேட்டார்க்கு இது எளிதிற் புலனாகும். மேலும் ஜகரத்தை நாவை அழுத்தாது, காற்று இடையறாது செல்லும்படி ஒலித்தல் வேண்டும்.

2. புணர்ச்சி அறிந்தார்க்கு ஒரு நற்செய்தி

பிரெஞ்சு மொழியைப் புதிதாய்க் கேட்போர், 'சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. எங்கே பிரிப்பதென்று தெரியவில்லை' என வருந்துவர். ஆங்கிலம் மட்டும் கற்றார்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். புணரியல் கற்ற தமிழ் மாணவனுக்கு இதில் விந்தை யாது?

'வீடு' என்பதனோடு 'இல்லை' சேரும்போது குற்றியலுகரம் கெட்டு 'வீடில்லை' என்றாகின்றது. பிரெஞ்சிலும் 'லு' என்னும் சுட்டுச் சொல்லோடு நண்பனைக் குறிக்கும் 'ஆமி' சேரும்போது, ஈற்றுயிர் கெட்டு 'லாமி' என்றாகின்றது. 'ஜு' என்பது 'நான்'. அதனோடு 'ஏ' என்னும் வினை சேர்ந்து 'ஜே' என நின்று, 'எனக்கு உண்டு' எனப் பொருள் தரும். 'மா' என்பதும் 'இலை' என்பதும் சேர வகரம் உடம்படுமெய்யாகத் தோன்றி 'மாவிலை' என்றாவது போல, 'ஆ' என்னும் வினையும் 'இல்' என்னும் படர்க்கைப் பெயரும் வினாவிற் சேரத் தகரம் இடையே தோன்றி 'ஆதில்' என்றாகும். இரண்டு உயிர்கள் அடுத்து நின்று முட்டாதவாறு ஒரு மெய் இடைநின்று காத்தல் இரு மொழிக்கும் பொதுவான இயல்பாகும்.

இவற்றின் வேறாகப் பிரெஞ்சுக்கே உரிய புணர்ச்சியொன்றும் உண்டு. பல சொற்களின் ஈற்று மெய் எழுத்தில் இருந்தும் ஒலியாது. வருமொழி உயிரிற் றொடங்குமாயின் அவ்வுறங்கிய மெய் விழித்தெழும். 'வூ' என்றால் 'நீங்கள்'. 'ஆவே' என்பதோடு சேரும்போது 'வூஸாவே' என்றாகும். 'நல்ல' எனப் பொருள்படும் 'போன்' என்பதும் 'பசி, உணவு விருப்பு' எனப் பொருள்படும் 'ஆபேத்தி' என்பதும் சேர்ந்து 'பொனாபேத்தி' என்றாகும். உணவுண்ணத் தொடங்குவாரைப் பார்த்து இதனைக் கூறுதல் மரபு.

இதற்குப் புறனடையும் உண்டு. வீரர்களைக் குறிக்கும் 'லே ஏரோ' என்னுந் தொடர் உயிரொலியிற் றொடங்கினும் புணராது. புணர்த்தி 'லே ஸேரோ' என்று கூறின், வீரர்கள் 'பூச்சியங்கள்' ஆகிவிடுவர்!

3. முகமனும் விடைபெறுதலும்

பிரான்சிற் கற்கவேண்டிய முதற்சொல் 'போன்ஜூர்'. 'நல்ல நாள்' என்பது அதன் சொற்பொருள். கடைக்குட் புகும்போதும், பேருந்தில் ஏறிச் சாரதியைக் காணும்போதும், வைத்தியரின் காத்திருப்பு அறையில் நுழையும்போதும், அலுவலகத்தில் யாரையேனும் எதையேனும் வினவுவதன் முன்பும் இச்சொல்லைக் கூறியே தீர்தல் வேண்டும். பெண்பாலாராயின் 'போன்ஜூர், மாதாம்' என்றும், ஆண்பாலாராயின் 'போன்ஜூர், முஸ்யு' என்றும் கூறுக. மணமாகாத பெண்ணைக் குறிக்கும் தனிச்சொல்லான 'மாத்முவாஸெல்' என்பது 2012 ஆம் ஆண்டிற் பிறந்த ஆணையொன்றால் அரசாங்கப் படிவங்களினின்றும் நீக்கப்பட்டது. ஆதலின் வயதுவந்த பெண்டிர் யாவரையும் 'மாதாம்' என அழைத்தலே பாதுகாப்பானது.

நம்மூர்க் கடையிற் புகுவோன் புன்முறுவலோடு தலையசைத்து, 'ஒரு இறாத்தல் பாண் தாருங்கோ' என்றாற் போதும், அதிற் குறையொன்றுமில்லை. அவ்வழக்கத்தோடே பிரான்சிற் கடைக்குட் புகுந்து, போன்ஜூர் கூறாது பொருளின் பெயரை மட்டும் சொல்வானாயின் கடைக்காரரின் முகம் வாடும். வந்தவன் அதனை நிறவேற்றுமையாலான வெறுப்பெனக் கருதுவான். கடைக்காரரோ வந்தவனைப் பண்பறியாதவன் எனக் கருதுவார். ஒரு சொல்லின் குறையால் இருவர் உள்ளத்திலும் கசப்பு விளைகின்றது. வெறுப்பு உண்மையில் நிலவும் இடங்களும் உலகில் உண்டு. ஆயினும் இல்லாத இடத்தில் அதனை உண்டாக்கிக் கொள்ளாமலிருக்க இவ்வொரு சொல் போதும்.

மாலையில் 'போன்ஸ்வார்' எனல் வேண்டும். 'பொன் நுயி' என்பது உறங்கச் செல்லும்போது மட்டும் கூறுவது. நெருங்கிய தோழர் தமக்குள் 'ஸலு' என்பர். ஆசிரியரிடத்தும் அதிகாரியிடத்தும் அது பொருந்தாது.

விடைபெறும்போது 'ஓ ரெவ்வார்' என்பர். 'மீண்டும் காணும்வரை' என்பது அதன் பொருள். நாமும் 'போகிறேன்' எனக் கூறாது 'போய்வருகிறேன்' என்றே விடைபெறுகின்றோம். மீண்டும் காணும் நம்பிக்கையைப் பிரிவின்போது வாயாற் கூறுதல் இரு மக்களிடத்தும் ஒத்த பண்பாக விளங்குகின்றது. 'நாளை காண்போம்' என்பதற்கு 'ஆ துமேன்'. 'விரைவிற் காண்போம்' என்பதற்கு 'ஆ பியேன்தோ'.

நலம் வினவுவதற்கு 'கொமான்தாலே வூ?' என்பர். 'எவ்வாறு செல்கின்றீர்கள்?' என்பது சொற்பொருள். எளிய வழக்கு 'ஸா வா?' என்பதாகும், 'எப்படிப் போகுது?' என நம்மவர் கேட்பதற்கு அது முற்றிலும் நிகர். மறுமொழியும் 'ஸா வா' என்பதே. வினாவையும் விடையையும் பிரிப்பது குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றே.

ஒருவர் தும்மினால் 'ஆ வோ ஸுவே' என்பர்; 'உங்கள் விருப்பங்கள் நிறைவேறுக' என்பது கருத்து. நம் பாட்டிமார் தும்மிய குழந்தைக்கு 'நூறு' என வாழ்த்துவதை இது நினைப்பூட்டும். கடினமான வேலைக்குச் செல்வாரை 'போன் கூராஜ்' என வாழ்த்துவர். 'மனந்தளராது செய்க' என அதனை விரித்துரைக்கலாம்.

4. வேண்டலும் நன்றியும்

'தயவுசெய்து' என்பதற்கு 'ஸீல் வூ ப்லே' என்பர். 'உங்களுக்கு விருப்பமாயின்' என்பது அதன் நேர்ப்பொருள். நன்றிக்கு 'மெர்ஸி'. அதற்கு மறுமொழி 'து ரியேன்'. 'அது ஒன்றுமில்லை' என்பது பொருள். சற்று மதிப்பாகக் கூறின் 'ஜு வூஸான் ப்ரி' என்பர்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. விருந்தோம்புவார் ஏதேனும் வேண்டுமாவென வினவும்போது 'மெர்ஸி' என மட்டும் கூறின், 'வேண்டாம், நன்றி' எனப் பெரும்பாலும் கொள்வர். உண்ண விரும்புவோர் 'உவீ, மெர்ஸி' என 'ஆம்' என்பதைச் சேர்த்தே கூறல் வேண்டும்; இன்றேற் பசியோடு மீள நேரிடும்.

ஒரு பொருளை வேண்டும்போது 'ஜு வூத்ரே' எனத் தொடங்குக. 'நான் விரும்புவேன்' என அது பணிவு காட்டும். 'ஜு வெ' என்பது 'எனக்கு வேண்டும்' என அதிகாரமாக ஒலிக்கும். விலை கேட்பதற்கு 'ஸே கொம்பியேன்?' என்பதும், உண்டபின் கணக்குக் கேட்பதற்கு 'லாதிஸியோன், ஸீல் வூ ப்லே' என்பதும் போதும். 'சரி' என்பதற்குத் 'தாக்கோர்'. 'அதனால் ஒன்றுமில்லை' என்பதற்கு 'ஸு நே பா க்ராவ்'. வழிவிட வேண்டுவோர்க்கும் பிழை பொறுக்க வேண்டுவோர்க்கும் 'பார்தோன்'.

5. நீயும் நீங்களும்

யாழ்ப்பாணத்து வழக்கில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. பிரெஞ்சில் 'து', 'வூ' என இரண்டே உண்டு. பன்மையாகிய 'வூ' என்பதே ஒருவரை மதித்து அழைக்கவும் பயன்படும். இது நம் 'நீங்கள்' போன்றதே. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இன்மையால் ஆங்கிலேயர் இவ்விடத்து இடர்ப்படுவர். தமிழரோ இயல்பாகவே உணர்வர்.

எனினும் ஒற்றுமை முழுமையானதன்று. நம் சமுதாயத்திற் பிள்ளை தந்தையை 'நீங்கள்' என்றழைப்பதே முறை. பிரான்சிற் பிள்ளைகள் தந்தை, தாய், பாட்டன், பாட்டி யாவரையும் 'து' என்றே அழைப்பர். அங்கே 'து' என்பது இழிவைக் காட்டுவதன்று; உரிமையையும் அணுக்கத்தையும் காட்டுவது. 1966 ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டுக் கத்தோலிக்கர் தம் முதன்மையான செபத்தில் இறைவனையும் 'து' என்றே விளிக்கின்றனர். நம் சமயகுரவரும் இறைவனை 'நீ' என்றே பாடினரன்றோ?

இவ்வுண்மையை நம் முதியோர் அறிதல் வேண்டும். பாரிசிற் பிறந்த பேரப்பிள்ளை 'அப்பப்பா, நீ எப்ப வந்தனீ?' எனத் தமிழிற் கேட்டதனால் மனம் நொந்து, 'மரியாதை தெரியாமல் வளர்த்துவிட்டார்கள்' என மகனையும் மருமகளையும் கடிந்துகொள்ளும் முதியோர் உளர். அப்பிள்ளை பாட்டனை இகழவில்லை. தன் நெஞ்சில் அன்புக்குரிய சொல்லாகப் பதிந்த 'து' என்பதையே தமிழிற் பெயர்த்துக் கூறுகின்றது. அது தெரிந்தபின் சினம் ஆறும். 'தமிழில் நீங்கள் என்று சொல்லவேண்டும், ராசா' எனப் பொறுமையோடு கற்பிக்கவும் இயலும்.

நிற்க, பிறரை எப்பொழுது 'து' எனலாம்? அவர்களே அதற்கு இசைவு தரும்வரை 'வூ' என்பதைக் கைவிடாதிருத்தலே தக்கது. குழந்தைகளை மட்டும் தொடக்கத்திலேயே 'து' எனலாம்.

6. 'ஆம்' என்பதில் ஓர் இடர்

நாம் சொல்லவந்த செய்திகளுள் இதுவே தலையாயது. 'நீங்கள் சாப்பிடவில்லையா?' என எதிர்மறையாக வினவினால், உண்ணாத தமிழன் 'ஓம், சாப்பிடவில்லை' என்பான். 'நீங்கள் கூறியது சரி' என்பதே அவ் 'ஓம்' என்பதன் கருத்து. பிரெஞ்சுக்காரனோ அவ்விடத்து 'நோன்', அதாவது 'இல்லை' என்பான். வினாவை அவன் நோக்குவதில்லை. நிகழ்ச்சியையே நோக்குகின்றான்: உண்ணவில்லை, ஆதலின் 'இல்லை'. உண்டிருப்பானாயின் 'உவீ' எனவும் கூறான். எதிர்மறை வினாவை மறுத்து உடன்பாடு கூறுதற்கென்றே 'ஸி' என்னும் தனிச்சொல் அவனிடம் உண்டு.

வைத்தியர் ஒருவர், 'உங்களுக்கு எந்த மருந்தும் ஒவ்வாமை இல்லையே?' என வினவுவதாகக் கொள்வோம். ஒவ்வாமை இல்லாதவர் நம் வழக்கப்படி 'உவீ' என்றால், மருத்துவர் மயங்குவார். ஒவ்வாமை உள்ளவர், தமிழில் 'இல்லை, இருக்கிறது' என மறுப்பது போலக் கருதி 'நோன்' என்பாராயின், 'ஒவ்வாமை இல்லை' எனக் கொண்டு வைத்தியர் அம்மருந்தையே கொடுக்கவுங்கூடும். ஆகவே எதிர்மறை வினாவுக்கு ஒற்றைச் சொல்லால் விடை கூறுதலைத் தவிர்த்து, முழு வாக்கியமாகக் கூறுக. வினா விளங்காவிடத்து நாணாது கேட்டுத் தெளிக. அதற்கு வேண்டிய தொடர்கள் இவை:

விளங்கவில்லை — ஜு ந கொம்ப்ரான் பா.
இன்னும் ஆறுதலாக — ப்லு லான்த்மான், ஸீல் வூ ப்லே.
மீண்டும் கூறுங்கள் — ரேபேத்தே, ஸீல் வூ ப்லே.
எனக்கு இங்கே நோகிறது — ஜே மால் இஸி.
எனக்குக் காய்ச்சல் — ஜே து லா ஃபியேவ்ர்.
எனக்குப் பசி — ஜே ஃபேன்.
எனக்குத் தாகம் — ஜே ஸுவாஃப்.
காப்பாற்றுங்கள் — ஓ ஸுகூர்!

பசி, தாகம், நோ ஆகியவற்றை 'எனக்கு உண்டு' என்னும் வாய்பாட்டாற் கூறுதலைக் காண்க. 'நான் பசியாயிருக்கிறேன்' என ஆங்கிலத்தின் வழிச் சென்று மொழிபெயர்த்தல் பிழையாகும். 'எனக்குப் பசி' என்னும் தமிழே இங்கு நல்ல வழிகாட்டி. அவசர உதவிக்கு 112 என்னும் இலக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் பயன்படுத்தலாம். பிரான்சில் மருத்துவ உதவிக்கு 15, பொலிசுக்கு 17, தீயணைப்போர்க்கு 18.

7. எண்ணும் வழியும்

பிரெஞ்சு எண்கள் 69 வரை நேராகச் செல்லும். 70 என்பது 'ஸுவாஸான்த் தீஸ்'. அஃதாவது அறுபதும் பத்தும். 80 என்பது 'காத்ர் வேன்', நான்கு இருபது. 90 என்பது 'காத்ர் வேன் தீஸ்'. நான்கு இருபதும் பத்தும். பெல்ஜியத்தாரும் சுவிற்சர்லாந்தின் பிரெஞ்சு மொழியாளரும் 70 ஐ 'ஸெப்தான்த்' என்றும் 90 ஐ 'நொனான்த்' என்றும் நேராகக் கூறுவர். இதனைக் கண்டு நகைப்பார் சிலர். தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் வந்து நிற்பதைப் பிறர் கண்டால் அவரும் நம்மைக் கண்டு நகைப்பரன்றோ?

பிரான்சிலே தொலைபேசி இலக்கங்கள் பத்து. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கூறுவர். 'ஸுவாஸான்த்' எனக் கேட்டவுடன் 6 என எழுதிவிடாது, அடுத்த சொல்லையும் கேட்டபின் எழுதுக. அவ்விலக்கம் 75 ஆகவும் இருக்கலாம்.

வழி கேட்போர் 'ஊ எ லா கார்?' எனின், 'புகைவண்டி நிலையம் எங்கே?' எனப் பொருள்படும். விடையில் இடப்பக்கம் 'ஆ கோஷ்' எனவும், வலப்பக்கம் 'ஆ த்ருவாத்' எனவும், நேரே செல்க என்பது 'தூ த்ருவா' எனவும் வரும். பின்னிரண்டும் ஈற்றுத் தகரம் ஒன்றாலேயே வேறுபடுவதைக் கூர்ந்து கேட்டல் வேண்டும்.

8. ஆங்கிலம் கற்றார் விழும் குழிகள்

ஆங்கிலச் சொற்களைப் போலத் தோன்றிப் பொருள் மாறி நிற்கும் சொற்கள் பல. 'லிப்ரேரி' என்பது நூலகமன்று, புத்தகக் கடை. நூலகத்திற்கு 'பிப்லியோதேக்' என்பர். 'ரெஸ்தே' என்பது இளைப்பாறுதலன்று, தங்கியிருத்தல். 'துமான்தே' என்பது அதட்டிக் கோருதலன்று, வெறுமனே கேட்டல். 'அஸிஸ்தே' என்பது கூட்டம் முதலியவற்றிற் பங்குபற்றுதல் எனவும் பொருள்படும். 'மொனே' எனக் கடைக்காரர் கேட்பது சில்லறைக் காசையே.

அஃறிணைப் பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் கற்பித்தல் அம்மொழியின் இயல்பு. மேசை பெண்பால், நூல் ஆண்பால், ஞாயிறு ஆண்பால், திங்கள் பெண்பால். இதற்குக் காரணம் தேடி அலைதல் வீண். சொல்லை 'லு', 'லா' என்னும் அடைமொழியோடு சேர்த்தே மனனஞ் செய்க. இதிற் பிழை நேரினும் கேட்போர் பொருளுணர்வர். வணக்கத்தை மறத்தலே பெரும் பிழை. பால் மயங்குதல் சிறு பிழை.

9. பயிலும் முறை

நாளொன்றுக்கு ஐந்து தொடர் போதும். அவற்றை உரத்துக் கூறுக. மறுநாட் காலையிற் பழைய ஐந்தையும் ஓதிய பின்னரே புதிய ஐந்தைத் தொடங்குக. தனிச்சொற்களை மனனஞ் செய்தலிலும் முழுத்தொடர்களை மனனஞ் செய்தலே பேச்சுக்கு உதவும். பிரான்ஸ் சர்வதேச வானொலியில் எளிய பிரெஞ்சிற் செய்தி நிகழ்ச்சியொன்று கற்போர்க்கென்றே ஒலிபரப்பாகின்றது. அதனை நாடோறும் கேட்டல் செவியைப் பண்படுத்தும். நூலிற் கற்ற முழு வாக்கியத்தைத் தெருவிற் குறுக்கிப் பேசுவர் என்பதையும் மனத்திற் கொள்க: 'ஜு ந கொம்ப்ரான் பா' என்பதிலுள்ள நகரம் பேச்சில் மறைந்து 'ஜு கொம்ப்ரான் பா' என்றே கேட்கும். 'வரவில்லை' என எழுதி 'வரேல்லை' எனப் பேசும் நமக்கு இது புதிதன்று.

முடிவுரை

மொழி கற்றல் ஒருபக்கத்து நன்மையன்று. பிரெஞ்சுக்காரர் 1674 இல் நிலைபெறுத்திய புதுச்சேரி, 1954 நவம்பர் முதலாந் திகதி இந்திய ஆட்சியின்கீழ் வரும்வரை பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது. அத்தொடர்பாற் பிரெஞ்சு அறிஞர் சிலர் தமிழைக் கருத்தூன்றிக் கற்றனர். காரைக்காலில் வளர்ந்து, பாரிசிலே தமிழ் கற்பித்த ஷூலியன் வின்சோன் 1903 இல் தம் மொழியினர்க்கென ஒரு தமிழ்க் கைந்நூலை வெளியிட்டார். பிரான்சுவா குரோ 1968 இற் பரிபாடலைப் பிரெஞ்சிற் பெயர்த்தளித்தார். நம் வெட்டிவேரும் 'வெதிவேர்' எனப் பிரெஞ்சு அகராதியில் இடம்பெற்று மணக்கின்றது. நம் மொழியை அவர் கற்றமை நமக்குப் பெருமையெனின், அவர் மொழியை நாம் செவ்வனே கற்றல் அவர்க்குச் செய்யும் மதிப்பாகும். பிரெஞ்சு கற்பதனால் தமிழ் தேயுமென அஞ்சுவார்க்கும் ஒன்று கூறுவோம்: பேரனின் மொழியிற் பத்துத் தொடர் அறிந்த பாட்டனிடமே பேரன் விரும்பி வந்து தமிழ் கேட்பான்.

'இது மிகக் கடினமன்று' எனத் தேற்றுவதற்குப் பிரெஞ்சுக்காரர் 'ஸு நே பா லா மேர் ஆ புவார்' என்பர். 'இது கடலைக் குடிக்கும் வேலையன்று' என்பது பொருள். கடலையே குடித்தார் எனப் புராணம் புகழும் அகத்திய முனிவரை இலக்கணத்தின் முதலாசிரியராகப் போற்றுபவர் நாம். ஒரு குவளை நீர் பருகத் தயங்குவோமா? மாணவர்காள், இன்றே 'போன்ஜூர்' எனத் தொடங்குங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களுக்கு நம் கல்லூரியன்னை கூறுவதும் 'சென்று வருக' என்பதே. அதனைப் பிரெஞ்சில் 'ஓ ரெவ்வார்' என்பர்.